உள்ளே வைத்துத் தைக்கும் துணி

கண்ணு,

நலமா என்று உன்னைக் கேட்டு இதை ஆரம்பிக்கப் போவதில்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவள் நான். நாளைக் காலையில் எனக்கு ஆபரேஷன் என்பது உனக்குத் தெரியும். தெரிந்தும் நீ தடாவில் உன் அறையில் இருக்கிறாய். உன் நைனா இங்கே திருப்பதியில், என் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில், பஸ்ஸில் இடம் பிடித்து வைத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். "நைனா கூப்பிட்டா வரேம்மா" என்றாய் நீ. "வர்றவனை நான் வேணான்னா சொன்னேன்?" என்றார் அவர். இரண்டு பேருமே நியாயமாகப் பேசியிருக்கிறீர்கள். எல்லாரும் நியாயமாகப் பேசுகிற வீட்டில் யாரும் யாரையும் பார்க்க வருவதில்லை என்பதை நான் கவனித்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை உறையில் போடப் போவதில்லை. எழுதி முடித்ததும் நர்ஸ் பெண்ணை போட்டோ எடுத்து உனக்கு அனுப்பச் சொல்வேன். தாள்கள் மேசைமேலேயே கிடக்கும். உன் நைனா படிப்பார். படித்துவிட்டு, ஃபேன் காற்றில் பறந்துவிடப் போகிறதே என்று கையில் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பார். ஆகவே அவரைப் பற்றி இதில் நான் எழுதுவதெல்லாம் அவர் முகத்துக்கு நேரே சொன்னதாகவே வைத்துக்கொள். முப்பது வருஷம் நூலகத்தில் வேலை பார்த்தவள் நான். பிறருக்கு வந்ததைப் படிப்பவர்களை முறைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. யாராவது எதையாவது படித்தால் போதும் என்றுதான் இருந்திருக்கிறேன்.

என் வயிற்றுக்கு வருகிறேன். நீ எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள் இல்லையா, அந்தப் புண் வெளியே அழகாக ஆறியது. உள்ளே ஆறும்போது குடல் போய் அடிவயிற்றின் உள்சுவரோடு ஒட்டிக்கொண்டுவிட்டதாம். சாப்பிட்டால் இழுத்துப் பிடிக்கிற வலி அதனால்தான். இங்கிருக்கும் டாக்டரம்மா காளஹஸ்திக்காரர். தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார். "சூடண்டி, ரெண்டு கையிலயும் காயம் பட்டு, ரெண்டையும் சேத்து வெச்சி கட்டு போட்டா எப்படிம்மா ஆவும்? ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும் இல்ல? லோபல, உள்ள, அதான் ஆயிருக்குது" என்றார். ஒட்டியதைப் பிரித்துவிட்டால் மட்டும் போதாதாம். பிரித்த இடம் மறுபடியும் புண்தான், மறுபடியும் ஒட்டும். அதனால் இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய துணியை விரித்து வைத்துத் தைத்துவிடுவார்களாம். "செல்லுலோஸ் குட்டம்மா" என்றார். துணிக்குத் தெலுங்கு வார்த்தையைப் போட்டுவிட்டு, செல்லுலோஸ் என்றால் என்ன என்று எனக்கு விளக்கவும் ஆரம்பித்தார். நான் கேட்டுக்கொண்டேன். என் மகன் இதே மாவட்டத்தில் அதைத்தான் செய்கிறான் என்று சொல்லவில்லை. அப்படியா, அவர் எப்போது வருகிறார் என்று அடுத்த கேள்வி கேட்பார்களே.

உன் நைனாவுக்கு இதெல்லாம் கேட்டு முகம் மாறிவிட்டது. "வயித்துக்குள்ள துணிய வெச்சி தெச்சிட்டாங்கன்னு பேப்பர்ல போடுவாங்களே, கேஸ் எல்லாம் நடக்குமே, அதையே இவங்க சொல்லிட்டு செய்றாங்களா?" என்று என்னிடம் கேட்டார். அது மறந்து வைப்பது, இது நினைத்து வைப்பது என்றேன். அவருக்குத் திருப்தியில்லை. டாக்டரம்மாவிடமே திரும்பி, துணி வாங்க வந்தவர் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"எத்தினி நாளைக்கு உழைக்கும்?"

"உழைக்காது சார். சில வாரத்துல கரஞ்சி போயிரும்."

"கரஞ்சி போறத்துக்கு எதுக்கு வெக்கிறீங்க?"

"புண்ணு ஆறுற வரைக்கும்தான் அதுக்கு அங்க வேலை சார். அப்புறமும் நடுவுல உக்காந்துகினு இருந்தா அதுவே தொந்தரவு."

இதைக் கேட்டதும் உன் நைனா என்னைப் பார்த்தார். ஏன் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். முதலில் இரத்தக் கசிவு முழுக்க நிற்க வேண்டுமாம். கசிந்துகொண்டிருக்கும்போதே அவசரப்பட்டு விரித்தால், துணி கறுத்துப்போய், ஒட்டாமல் காக்க வந்ததே ஒட்டுவதற்குக் காரணமாகிவிடுமாம். நீயும் இதை ஒருமுறை எனக்கு போனில் சொல்லியிருக்கிறாய். அப்போது உன் கம்பெனி விஷயம் என்று பாதிக் காதில் கேட்டேன். நாளை என் வயிற்று விஷயம் என்றதும் முழுக் காதிலும் விழுகிறது.

நீங்கள் இருவரும் பேசாமல் போன அந்த மத்தியானத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நகரியில் நம் வீட்டின் முன்பாதியில் பவர்லூம், பின்பாதியில் நாம். தறி ஓடும்போது பேசுவது என்றால் கத்துவதுதான். வெளியூர்க்காரர்கள் நம் தெருவுக்கு வந்தால் எல்லா வீட்டிலும் சண்டை என்று நினைப்பார்கள். "உப்பு போதுமா" என்று கேட்பதையே உயிர் போகிற மாதிரிதான் கேட்போம். பரீட்சை முடித்து வந்து, ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்திருக்கிறது என்று நீ சொன்னதும் அப்படித்தான் ஆரம்பித்தது. கரைந்து போகிற துணி என்று நீ கத்தினாய். "நான் நெய்யிற லுங்கி அப்பன் கட்டி மவன் கட்டுவான்டா, கரையிற துணிய எவன்டா வாங்குவான்?" என்று அவர் கத்தினார். பருத்தியும் மரமும் புல்லும் எல்லாம் செல்லுலோஸ்தான் நைனா, அதை வேதியியலில் கொஞ்சம் மாற்றினால் உடம்பே கரைத்துக்கொள்ளும் என்று நீ கத்தினாய். "பருத்தின்னா பருத்தின்னே சொல்லேன்டா, பேரை மாத்தி வெச்சா பெரிய ஆளா?" என்றார். அதுவரைக்கும் மோசமில்லை. ஒருவர் சொன்னதில் பாதிதான் மற்றவர் காதில் விழுந்துகொண்டிருந்தது. பவர்லூம் வீடுகள் பிளவுபடாமல் இருப்பதற்கு அந்தச் சத்தம்தான் முக்கியக் காரணம்.

"உங்க துணி ஒரு உசுரையாவது காப்பாத்துமா?" என்று நீ கத்தினாயே, சரியாக அந்த நேரம் பார்த்து கரண்ட் போயிற்று. நம் தறி நின்றது, எதிர்வீட்டுத் தறி நின்றது, தெரு முழுக்க நின்றது. அந்த அமைதியில் உன் வாக்கியத்தின் பின்பாதி மட்டும் தனியாகக் கேட்டது. நாலு வீடு தள்ளி ஒருவர் எட்டிப் பார்த்தார். கரண்ட் இருந்திருந்தால் அது உன் நைனாவின் காதில் விழுந்தே இருக்காது. விழுந்திருந்தாலும், விழாதது போல் இருக்க அவருக்கு ஒரு வசதி இருந்திருக்கும். ஊரே கேட்ட பிறகு அவரால் எப்படிக் கேட்காமல் இருக்க முடியும்? உன் படிப்பும் அவர் பிடிவாதமும் சேர்ந்து செய்யாத காரியத்தை மின்சார வாரியம் செய்துவிட்டுப் போயிற்று. நான் அதை எந்த அதிகாரியிடம் போய்ச் சொல்வது? ஆகவே உனக்கு ஒன்று சொல்கிறேன், இதைப் புத்திமதி என்றே வைத்துக்கொள்: இனி நீ போகிற இடமெல்லாம் அமைதியான இடமாக இருக்கும், ஏசி போட்ட அறையாக இருக்கும். அங்கே சொல்கிற ஒவ்வொரு வார்த்தையும் முழுசாகக் கேட்கும். தறிக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது பழக்கமில்லை. பார்த்துப் பேசு.

அதற்குப் பிறகு நீ என் போனுக்குத்தான் கூப்பிட்டாய். முதல் தடவை, பக்கத்திலிருந்து அவர் யாரென்று கேட்டார். வாய்க்கு வந்தபடி ராங் நம்பர் என்றேன். அரைமணி நேரம் பேசிய ராங் நம்பர். வைத்த பிறகு, முறத்தில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டு, "ராங் நம்பரு துன்னானாமா?" என்று கேட்டார். அன்றிலிருந்து வீட்டில் உன் பெயர் அதுதான். "இந்தாமே, ராங் நம்பரு இன்னிக்கி போன் பண்ணல?" "ராங் நம்பருக்கு இருமல் வுட்டுச்சாமா?" போன வருஷம் உனக்கு டெங்கு என்றதும், ராங் நம்பருக்கு என்று சொல்லி பப்பாளி இலைக்கு மூன்று தெரு அலைந்தார். அதைக் கொரியர்காரன் வாங்க மறுத்ததில் அவனோடும் பேச்சில்லை.

இடையில் நான் செய்த வேலையை நீ அறிவாய் என்று நினைக்கிறேன். "அங்கயே கெடக்கட்டும்" என்று அவர் சொன்னதை "உடம்பைப் பார்த்துக்கச் சொன்னார்" என்று உனக்குச் சொன்னேன். "அவர் மாற மாட்டாரும்மா" என்று நீ சொன்னதை "உங்களை விசாரிச்சான்" என்று அவருக்குச் சொன்னேன். இவ்வளவு நேர்த்தியான மொழிபெயர்ப்பை எங்கள் நூலகத்தில்கூட நான் பார்த்ததில்லை. இருவருமே நம்பவில்லை, ஆனாலும் இருவருமே மறுநாளும் கேட்டீர்கள். மாவட்டத்தைப் பிரித்தபோது நகரி சித்தூரில் நின்றது, உன் கம்பெனி இருக்கும் இடம் திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. நம் வீட்டு நிலவரத்தை அரசாங்கம் கொஞ்சம் தாமதமாகத் தெரிந்துகொண்டது என்றுதான் நினைத்தேன். சத்தியவேடு வழியாகப் பஸ் இருக்கிறது. அந்தப் பஸ்ஸில் நம் தெருக்காரர்கள் தினம் போய் வருகிறார்கள். நீ மட்டும் வரவில்லை.

உன்னை எனக்கு எப்படித் தேடுகிறது என்று எழுதினால் நீ சங்கடப்படுவாய், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். இந்த வார்டு ஜன்னலுக்குக் கீழே ரோடு. காலையில் ஸ்ரீசிட்டிக்குப் போகும் கம்பெனி பஸ்கள் அங்கே நின்று ஆள் ஏற்றிக்கொள்கின்றன. ஒரே நிறச் சட்டை, கழுத்தில் அட்டை, தூக்கம் போகாத முகம். நீ தடாவில் அறையெடுத்து இருக்கிறாய், இந்தப் பஸ்ஸில் ஏற உனக்கு எந்தக் காரணமும் இல்லை. அது தெரிந்தும் அத்தனை முகத்தையும் பார்க்கிறேன். ஒரு பையன் உன்னைப் போலவே பையை மார்புப் பக்கமாக மாட்டியிருந்தான். பஸ் போன பிறகும் அவன் நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் வந்து, வலிக்குதா அம்மா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வயிற்றைத் தொட்டுப் பார்த்து, எங்கே என்றாள். எந்த இடத்தைக் காட்டுவது என்று தெரியாமல், தொப்புளுக்குக் கீழே ஒரு இடத்தைக் காட்டி வைத்தேன். அவளும் எழுதிக்கொண்டு போனாள்.

இன்று மத்தியானம் நடந்ததற்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் பேனாவையே எடுத்தேன். ஆபரேஷனுக்கு வேண்டிய சாமான்களைக் கீழே மருந்துக் கடையில் வாங்கி வரச் சொல்லி உன் நைனாவை அனுப்பினார்கள். கையுறை, ஊசி, நூல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு சின்ன அட்டைப் பெட்டியை மட்டும் பையில் போடாமல் தனியாகக் கையில் வைத்திருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பெட்டியின் பக்கவாட்டில் இருந்த பொடி எழுத்தை வெகு நேரம் படித்தார். செய்யும் இடம் என்று உன் கம்பெனி பெயரும் ஸ்ரீசிட்டி விலாசமும் போட்டிருந்தது. நர்ஸ் வந்ததும் பெட்டியை நீட்டினார்.

"கொஞ்சம் பிரிச்சி காட்டும்மா. தொட்டு பாக்கணும்."

"அய்யோ, முட்டுக்கோவத்து, தொடாதீங்க சார்! ஸ்டெரைல். தொட்டா வேஸ்ட் ஆயிரும்."

"துணிய தொடாம எப்படிம்மா வாங்குறது? இன்னா நம்பர் நூலு, அடர்த்தியா இருக்குதா, ஒண்ணும் பாக்க வேணாமா? நாப்பது வருசமா துணி வேலை எனக்கு."

"உங்க வேலை சரி சார். இது ஆபரேஷன் துணி."

"துணிதானே?"

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் விடவில்லை. மேல்துண்டில் முடிந்து வைத்திருந்த மஞ்சளை எடுத்தார். ஊரிலிருந்து கிளம்பும்போதே எடுத்து வந்திருக்கிறார், எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். புதுத் துணியின் ஒரு மூலையில் மஞ்சள் வைக்காமல் நம் வீட்டில் யாரும் உடுத்தியதில்லை. கம்பெனி யூனிபாரம் என்று நீ முதல் முதல் அனுப்பிய போட்டோவில்கூட, சட்டைக் காலரைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "மஞ்சள் வெக்காமயே மாட்டிக்கினு நிக்கிறான் ராங் நம்பரு" என்றவர் இவர்.

"புதுத் துணிம்மா. மஞ்சள் வெக்காம உடம்புல போடறது எங்க வழக்கம் இல்ல."

"உடம்புல இல்ல சார், உடம்புக்குள்ள."

"அப்ப இன்னும் கட்டாயம் வெக்கணும்."

அவள் பெட்டியைப் பிடுங்கப் போக, இவர் தண்ணீரில் விரலைத் தொட்டு, பெட்டியின் மூலையில் ஒரு பொட்டு வைத்தே விட்டார். அவள் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள். மஞ்சள் கொஞ்சம் பரவியதே தவிரப் போகவில்லை. சத்தம் கேட்டு டாக்டரம்மா வந்தார். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே இரண்டு உறை இருக்கிறது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை, அட்டையை எப்படியும் வெளியில்தான் எறிவோம், "பர்வாலேது, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். உன் நைனா வென்ற முகத்தோடு உட்கார்ந்து பெட்டியை மறுபடியும் பார்த்தார். அதன்மேல் துணியைப் பெரிதாக்கி ஒரு படம் போட்டிருந்தது. பார்த்தவர் அப்படியே நிமிர்ந்தார்.

"இந்தாமே, இது நெசவே இல்ல. பாவு எங்க, ஊடை எங்க? பின்னலு. பனியன் துணி!"

"அதனால என்ன?"

"இன்னான்னா? நம்ம தறிய வுட்டுட்டு வேற தறிக்கு பூட்டான்னு இத்தினி வருசம் நெனச்சிகினு இருந்தேன். பையன் தறிக்கே போவல. பனியன் கம்பெனிக்கு போயிருக்கான்."

இதில் அவருக்கு என்ன ஆறுதல் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் ஆறுதல்தான், முகத்தில் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, படத்தில் விரலை வைத்து, "கண்ணி ஒண்ணுகூட வுடாம போட்டிருக்கான்" என்றார். நீ பின்னவில்லை, மெஷின் பின்னியது, நீ அதற்குப் பிறகு வாயுவில் வைத்துப் பதப்படுத்துகிற பிரிவில் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். உன்னைப் புகழ்ந்து அவர் சொன்ன முதல் வார்த்தையில் நான் எதற்குத் திருத்தம் போட வேண்டும்?

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். துணியை எங்கே விரிப்பீர்கள் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். படம் போட்டுக் காட்டினார். கர்ப்பப்பையை எடுத்த இடம் காலியாக இருக்கிறதே, குடல் வந்து ஒட்டியது அங்கேதான், விரிப்பதும் அங்கேதான். நீ உலகத்தில் முதலில் இருந்த இடம் அது. வீட்டுக்கு வராத பிள்ளை அந்த இடத்துக்கு ஒரு துணியை அனுப்பி வைத்திருக்கிறான். அது என்னோடு சில வாரம் இருக்குமாம். போன பொங்கலுக்கும் அதற்கு முந்தைய பொங்கலுக்கும் நீ இருந்ததைவிட அது அதிகம். நான் குறை சொல்லவில்லை. கணக்கில் உள்ளதைச் சொல்கிறேன்.

நான் பயப்படுகிறேனா என்று நீ கேட்பாய். ஆபரேஷனுக்குப் பயமில்லை. மயக்கம் தெளிந்து கண் திறக்கும்போது, கட்டிலின் ஒரு பக்கம் மட்டும் ஆள் இருந்தால் என்ன செய்வது என்றுதான் இருக்கிறது. நீங்கள் சமாதானமாகி எனக்குக் காட்ட வேண்டாம். ஒரே அறையில் நின்று, ஒருவரை ஒருவர் பார்த்து, நேராகச் சண்டை போட்டால் போதும். பனியன் துணியா மருத்துவத் துணியா என்று போடுங்கள். நர்ஸ் வந்து வெளியே போகச் சொல்லும்வரை போடுங்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். இத்தனை வருஷமாக ஒரு காதில் உன் குரலையும் இன்னொரு காதில் அவர் குரலையும் தனித்தனியாகக் கேட்டு அலுத்துவிட்டது.

அதனால் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். நாளைக் காலை என்னை உள்ளே கொண்டுபோகும்போது என் போனை அணைத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். கண் விழித்த பிறகும் ஒரு நாள் வரைக்கும் அதைத் தரமாட்டார்கள், நானும் கேட்கமாட்டேன். தகவல் சொல்ல ஒரு நம்பர் கேட்டார்கள். உன் நைனாவின் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். உன் நம்பரைக் கொடுக்கவில்லை. ஆபரேஷன் முடிந்து டாக்டரம்மா வெளியே வந்து சொல்லப் போவது அவர் ஒருவரிடம்தான். நான் பிழைத்தேனா, ஒட்டு பிரிந்ததா, துணியை விரித்தார்களா என்கிற செய்தி உலகத்தில் அவரிடம் மட்டும்தான் இருக்கும். அதைச் சுருக்கியோ திருத்தியோ இனிப்புத் தடவியோ உனக்குக் கொடுக்க நடுவில் யாரும் இல்லை.

அவர் நம்பர் உன்னிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நாளை மத்தியானம் கூப்பிடு. அவர் எடுப்பார். எடுத்ததும் ஹலோ சொல்லமாட்டார், யார் என்றும் கேட்கமாட்டார். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இருக்காது. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதே.

அம்மா